கிணற்றில் கொட்டிய மணல்

லண்டன்,
20 ஆகஸ்ட் 2017

அன்புள்ள தங்கராசு,

உனக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதி ஏழு மாதமாகிவிட்டது. தினமும் காலையில் வருகிற ரோஜாப்பூ படத்தைக் கணக்கில் சேர்க்காதே, அதை அனுப்புகிறவள் என் பேத்தி. இங்கே எல்லாரும் சௌக்கியம். குளிர் போய்விட்டது, முழங்கால் வலி போகவில்லை. தங்கச்சிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? வீட்டில் வெஸ்டர்ன் வைத்தாயா, இல்லை இன்னமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாயா? இதற்கு மட்டும் பதில் வராவிட்டால் நேரில் பிளம்பரோடு வந்து நிற்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கடைப் பம்பிங் ஸ்டேஷனுக்குப் போனேன். சிரிக்காதே. முப்பத்திரண்டு வருஷம் அந்த நாற்றத்திலேயே கிடந்துவிட்டு, லண்டன் வரைக்கும் வந்து, டிக்கெட் வாங்கி இன்னொரு பம்பிங் ஸ்டேஷனைப் பார்த்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அரண்மனை பார்க்கலாம் என்றாள் மகள். "மாமாவுக்கு ஏற்ற அரண்மனை வேறு இருக்கிறது" என்று மருமகன் கூட்டிப் போனார். கெட்டிக்காரப் பையன்.

இடத்தின் பேர் கிராஸ்னெஸ். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், ஊருக்குக் கிழக்கே ரொம்ப தூரம். 1865 ஏப்ரல் 4-ஆம் தேதி வேல்ஸ் இளவரசரே வந்து திறந்து வைத்திருக்கிறார். உள்ளே நான்கு நீராவி எஞ்சின்கள். பேரைக் கேள்: விக்டோரியா, பிரின்ஸ் கான்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா. அம்மா, அப்பா, மகன், மருமகள். ராஜ குடும்பத்தை மொத்தமாகச் சாக்கடை இறைக்க நிறுத்திவிட்டார்கள்! நம் மூன்றாம் நம்பர் பம்புக்கு மந்திரி சம்சாரத்தின் பேரை வைத்திருந்தால் நம்மை எந்த ஊருக்கு மாற்றியிருப்பார்கள் என்று யோசித்துப் பார். இதிலே இன்னொன்று. அப்பா ஆல்பர்ட் 1861-இல் செத்தது டைஃபாய்டில் என்றுதான் டாக்டர்கள் எழுதிவைத்தார்கள். அசுத்தத் தண்ணீரில் பரவுகிற நோய். நாலு வருஷம் கழித்து அவர் பேரிலேயே ஒரு எஞ்சின் அசுத்தத்தை இறைக்கிறது.

ஓடுவது இப்போது பிரின்ஸ் கான்சார்ட் மட்டும்தான். அதுவும் வருஷத்தில் சில நாள்தான் நீராவி ஏற்றுகிறார்கள். தங்கராசு, அதை எப்படிச் சொல்ல! உன் தாத்தா தோட்டத்து ஏற்றம் ஞாபகம் இருக்கிறதா? துலா மரத்தின் மேலே ஆள் முன்னும் பின்னும் நடப்பானே. அதேதான். துலா மட்டும் இரும்பு, எடை 47 டன். மேலே நடக்க ஆள் வேண்டாம், ஒரு முனையை நீராவி தள்ளுகிறது. கூடவே ஒரு ஃப்ளைவீல், அது 52 டன். இவ்வளவு இரும்பும் அசைகிறது, நம் பழைய டீசல் செட் போடுகிற கூச்சலில் பத்தில் ஒரு பங்கு சத்தம் இல்லை. தூங்குகிற யானை மூச்சு விடுகிற மாதிரி ஒரு 'புஸ்', அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் இன்னொரு 'புஸ்'. சூடான எண்ணெய் வாசனை. கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்தால் தரைக்குள்ளிருந்து அதிர்வு ஏறி வருகிறது. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, மருமகன் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் நிமிஷத்துக்குப் பதினோரு சுற்று. துலா ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு எஞ்சின் ஆறு டன் சாக்கடையை முப்பது நாற்பது அடி மேலே தூக்கி, பக்கத்திலே பெரிய மூடிய தொட்டியில் விடும். தொட்டியின் கொள்ளளவு 2 கோடியே 70 லட்சம் கேலன். கடல் வற்றம் ஆரம்பித்ததும் மதகைத் திறந்து ஆற்றில் விடுவார்கள், இல்லையென்றால் கடல் ஏறும்போது அத்தனையும் திரும்ப ஊருக்குள் வந்துவிடுமே. இதையெல்லாம் திட்டம் போட்டவர் ஜோசப் பேசல்ஜெட் என்ற எஞ்சினியர். ஊருக்கு அடியில் 82 மைல் பெரிய சாக்கடை, செங்கல் மட்டும் 31 கோடிக்கு மேல்.

கட்டடத்தைப் பார்த்தால் கோயில் மாதிரி. நடுவிலே எட்டுப் பட்டையாக ஒரு மண்டபம், வார்ப்பிரும்பில் பூவேலை, சிவப்பும் பச்சையுமாக வர்ணம். சுற்றிக் காட்டிய பெரியவருக்கு நம்மைவிட வயது இருக்கும், சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர். அவர் ஒரு இலையைக் காட்டி "இது என்ன தெரியுமா?" என்று கேட்டார். அத்திப்பழமும் சென்னா இலையும் செய்து வைத்திருக்கிறார்களாம். இரண்டுமே வயிறு கழிய உதவுவது! சென்னா என்றால் வேறொன்றுமில்லையப்பா, நம் நிலாவாரை. 'டின்னவெல்லி சென்னா' என்று இங்கே மருந்துக்காரர்களுக்கு நம் திருநெல்வேலிப் பேரோடுதான் அதைத் தெரியும். "ஐயா, அந்த டின்னவெல்லிக்காரன்தான் நான்" என்றேன். பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டார். நம் ஊருக்குக் கிடைத்த கௌரவத்தைப் பார்.

இன்னொரு பக்கம் பழைய கழிப்பறைகளாக வைத்திருக்கிறார்கள். நீலப் பூப் போட்ட பீங்கான் கோப்பைகள், நம் வீட்டில் விருந்துக்குக்கூட அப்படித் தட்டு கிடையாது. எஸ் டிராப்பை நம் ஊர்க் கொத்தனார்தான் கண்டுபிடித்தார் என்று நீ ஒரு தடவை சாதித்தாயே, அதற்குப் பதில் இப்போது கிடைத்தது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். குழாயை வளைத்து அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கவைத்தார், அவ்வளவுதான், நாற்றம் மேலே வருவது நின்றது. அதற்கு முன்னால், 1596-இலேயே ஜான் ஹாரிங்டன் என்ற பிரபு எலிசபெத் ராணிக்குத் தண்ணீர் விடுகிற கழிப்பறையைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் வளைவு இல்லாததால் அது ஊரில் பிடிக்கவில்லை. 1851-இல் இங்கே பெரிய பொருட்காட்சி நடந்தபோது ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுக் கழிப்பறை வைத்தார். தலைக்கு ஒரு பென்னி. காசு கொடுத்துப் போனவர்கள் 8,27,280 பேர் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். நம் பஸ் ஸ்டாண்டு காண்டிராக்டர் இந்தக் கணக்கைப் பார்த்தால் அழுதுவிடுவான்.

கூத்து என்னவென்றால், இந்த நல்ல கழிப்பறைதான் லண்டனை நாறடித்திருக்கிறது. அதுவரை வீட்டுக்கு வீடு மலக்குழி. ராத்திரியில் ஆட்கள் வந்து அள்ளி, வயலுக்கு உரமாக விற்பார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் விட ஆரம்பித்ததும் குழி நிரம்பி வழிந்தது. எல்லாவற்றையும் மழைநீர்ச் சாக்கடையில் சேர்த்தார்கள், அது நேராகத் தேம்ஸுக்குப் போனது. குடிக்கத் தண்ணீர் எடுத்ததும் அதே ஆற்றில். 1848-49 காலராவில் மட்டும் லண்டனில் பதினாலாயிரம் பேர். அப்போதெல்லாம் அரசாங்கம் அசையவில்லை. 1858 கோடையில் வெயில் அடித்து ஆறு நாறியதும், கரையிலேயே இருக்கிற பாராளுமன்றத்தில் திரைச்சீலையைக் குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துக் கட்டிப் பார்த்தார்கள். தாங்கவில்லை. பதினெட்டே நாளில் சட்டம் வந்துவிட்டது. மூக்கு யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் ஃபைல் நகரும். நமக்குத் தெரியாததா?

பேசல்ஜெட்டைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் அவரும் சுத்தம் பண்ணவில்லை, தள்ளித்தான் விட்டார். 1878 செப்டம்பரில் பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசப் படகு இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிலக்கரிக் கப்பலில் மோதி உடைந்தது. ஒரு மணி நேரம் முன்னால்தான் இரண்டு கரையிலும் மதகைத் திறந்து விட்டிருந்தார்கள். அறுநூறு பேருக்கு மேல் அந்தத் தண்ணீரில் செத்தார்கள். குழந்தை குட்டிகளோடு பிக்னிக் போய்விட்டு வந்தவர்கள்.

இதற்கப்புறம்தான் நான் எழுத நினைத்த விஷயம்.

1950-களில் இந்த நிலையத்தை மூடினார்களாம். மூடும்போது கீழே பம்புக் கிணற்றில் வாயு சேராமல் இருக்க மணலைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். பின்னால் எஞ்சினை மீட்க வந்தவர்கள் ஏறக்குறைய நூறு டன் மணலை அள்ளி வெளியே போட்ட பிறகுதான் சக்கரம் அசைந்திருக்கிறது. பெரியவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "கேஸ் டேஞ்சரஸ், யூ ஸீ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். நான் நகரவில்லை. கம்பித் தடுப்புக்குக் கீழே அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தோணியின் பச்சை லுங்கிதான் கண்ணில் தெரிந்தது.

இருபது வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை. நீ பாய் கடைப் பக்கமே போவதில்லை, நானும் ஏன் என்று கேட்டதில்லை. 97 அக்டோபர், மழை, சல்லடையில் துணி அடைத்துக்கொண்டது. கயிற்றை இழுத்தது நீ. ரிஜிஸ்டரில் எழுதியது நான். 'பம்ப் அறையில் நெஞ்சுவலி ஏற்பட்டு மயங்கி விழுந்தார்.' மேலதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன், நீலப் பேனா. பக்கத்து வரியில் அன்றைக்கு ஓடிய பம்பு மணி நேரத்தை ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்து எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது. அவன் தினக்கூலி, மஸ்டரில் பேர்கூட இல்லை. அடக்கத்துக்கு நாம் எல்லாரும் போட்ட காசுதான்.

வீட்டுக்கு வந்து மருமகனிடம் கேட்டேன். அவர் தேடிப் பார்த்துச் சொன்னார்: 2014 மார்ச் 27-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1993-இலிருந்து சாக்கடை வேலையில் இறந்தவர்கள் எல்லாருடைய குடும்பத்தையும் கண்டுபிடித்துப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். பழைய சாவுக்கும் உண்டு. 97 அதற்குள் வருகிறதல்லவா? மூன்று வருஷமாகிவிட்டது, எனக்குத் தெரியவே தெரியாது. உனக்குத் தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் இருந்தாயா என்று கேட்கவில்லை. கேட்டால் என்னையும்தான் கேட்க வேண்டும்.

அவர்களுக்கு அந்தப் பணம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். காகிதத்தில் நெஞ்சுவலி இருக்கும்போது எப்படி வரும்? அந்தோணியின் சம்சாரம் சர்ச்சுக்குப் பின்னால் இருந்தாள். மகள் பேர் செல்வி, இப்போது முப்பதுக்கு மேல் இருக்கும். ரெண்டாவது தெருவில் இட்லிக் கடை போட்டிருந்த அக்காவைக் கேட்டால் எங்கே போனார்கள் என்று சொல்லும். நீ போய்ப் பார். போனால் என் பேரைச் சொல்லாதே என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன் பார், மேலே மை தெரிகிறதே. சொல். என் பேரையும் சொல்.

அந்த ரிஜிஸ்டர் ரெக்கார்டு ரூமில் மேல்தட்டில் இருக்கும், கறையான் விட்டு வைத்திருந்தால். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் எழுதித் தருகிறேன், எந்த அதிகாரி முன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீயும் போடுவாய் என்று நினைக்கிறேன். பென்ஷனில் கை வைப்பார்களோ என்று மகள் பயப்படுகிறாள். வைத்தால் வைக்கட்டும், உன் வீட்டில் வந்து சாப்பிடுகிறேன்.

டிசம்பர் 9-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறது. அதற்குள் செல்வி எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கண்டுபிடித்து வை. போனில் சொல்லாதே, எழுது. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுவோம்.

உன்,
சுந்தரம்

பி.கு.: பிரின்ஸ் கான்சார்ட் படம் போட்ட ஒரு துணிப்பை உனக்காக வாங்கியிருக்கிறேன். காய் வாங்கப் போகையில் எடுத்துப் போ. தங்கச்சிக்கு மட்டும் அது என்ன மெஷின் என்று சொல்லிவிடாதே.