வெளிமாநில வண்டி மறுபதிவு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்கே நாலு பேர் அனுப்பினார்கள். ஆர்.டி.ஓ. அலுவலக வேலைகளைச் செய்து தரும் எங்கள் கடை, பெங்களூரிலிருந்து வந்த ஒருவரின் காரைத் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி ஐந்து மாதம் ஃபைலைத் தூங்கவிட்டோமாம். வரியை இரண்டு முறை கட்டவைத்து, திரும்பி வந்த பணத்தை அமுக்கிவிட்டோமாம்.

தாமதம் ஆனது உண்மை, வருந்துகிறோம். அந்த காரின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் மட்டும் வங்கியின் பெயர் நீக்கப்படவில்லை. படிவம் 35-ல் வங்கியின் கையெழுத்து வரவே இரண்டு மாதம். அப்புறம் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகம் தர வேண்டிய என்.ஓ.சி.க்கு (தடையில்லாச் சான்றுக்கு) படிவம் 28 போட்டால், கட்டாத இ-சலான் இரண்டு நிற்கிறது. "அது என் மைத்துனன் ஓட்டியது" என்றார் காரின் உரிமையாளர். யார் ஓட்டினால் என்ன, அபராதம் வண்டி மேல்தானே நிற்கும்!

தாமதத்தைச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். 'அமுக்கிவிட்டார்கள்' என்ற சொல்தான் தூங்கவிடவில்லை. வண்டிக்கு மொத்தமாகக் கட்டும் ஆயுள்கால வரி அந்தந்த மாநிலத்துக்குப் போகிற பணம். பழைய மாநிலத்தில் கட்டியிருந்தாலும், இங்கே பதியும்போது வண்டியின் வயதைப் பார்த்து இங்கத்திய வரியையும் கட்டித்தான் ஆக வேண்டும். அங்கே மிச்சமிருக்கும் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இங்கே புது ஆர்.சி. வந்த பிறகு, அதன் நகலை வைத்துப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்க வேண்டும். பணம் உரிமையாளர் பெயரில்தான் வரும். எங்கள் கைக்கு வர வழியே இல்லை. சொல்லப்போனால் அந்த விண்ணப்பமே இன்னும் போகவில்லை. அவர் தர வேண்டிய கேன்சல்டு செக்குக்குத்தான் காத்திருக்கிறோம்.

விண்ணப்பத்துக்காக, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் துருவேறிய சேசிஸ் எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பென்சில் தேய்த்து, செல்லோடேப்பில் ஒட்டி அச்செடுக்க எங்கள் கடைப் பையன் அரைநாள் அந்த காருக்கு அடியில் படுத்துக் கிடந்தான். அது மட்டும் வாட்ஸ்அப்பில் வரவில்லை.

அந்தப் பையனும் போன மாதம் சொந்தத் தொழில் பார்க்கப் போய்விட்டான், நன்றாக இருக்கட்டும். அதனால் பழைய ஊருக்குப் போய் என்.ஓ.சி. வாங்கும் வேலையை இனி நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். எங்கள் கூலியிலும் 500 ரூபாய் கூடுகிறது.

அந்தக் குழுவிலேயே எங்களுக்காகப் பதில் எழுதியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவின் ஸ்கூட்டருக்கு வந்தவர்கள் இன்று மகளின் காருக்கு வருகிறீர்கள். அந்த நம்பிக்கையில்தான் கடை ஓடுகிறது.

ஒரு வேண்டுகோள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ம் பிரிவுப்படி, வண்டி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே புது எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதினோராவது மாதக் கடைசியில் வந்து "நாளைக்கே முடியுமா" என்று கேட்காதீர்கள். கடன் பாக்கி, சலான், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் சரிபார்த்துவிட்டு வாருங்கள். புது எண்ணுக்கான படிவம் 27-ஐ நாங்கள் நிரப்பித் தருகிறோம். புது எண் வந்ததும் ஃபாஸ்டாகிலும் மாற்றிவிடுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்