செல்போன் டவர் சாய்ந்த பிறகும் வண்டி இருக்கும் இடம் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிவாரண வண்டிகளில் ஜிபிஎஸ் பொருத்திவிட்டால், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே பார்த்துவிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. கஜா புயலைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் அதற்கு ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும்.

ஜிபிஎஸ் கருவிக்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதை நமக்குச் சொல்வது கூடவே இருக்கும் சிம் கார்டு. சிம் பேசுவதற்கு டவர் வேண்டும். டவருக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் கொண்டுபோகச் சாலை வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் இதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

புயல் அடித்த மூன்றாம் நாள் எங்கள் தெருவில் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி, பால் பவுடர் எல்லாம் சேர்த்து ஒரு குட்டியானையில் ஏற்றி வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பினோம். ஓட்டிப் போனவன் என் அக்கா மகன். காலை ஒன்பது மணிக்கு மன்னார்குடியை விட்டுக் கிளம்பினான். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் போன் கிடைக்கவில்லை. அன்று இரவு முழுக்க அக்கா வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் மதியம் வந்து சேர்ந்தான். சாலை நெடுக தென்னையும் மின்கம்பமும் விழுந்து கிடந்ததால் சுற்றிச் சுற்றிப் போய், வழி தெரியாமல், கடைசியில் வேறொரு ஊரில் சாமான்களை இறக்கிவிட்டு வந்திருந்தான். அந்த ஊருக்கு அதற்கு முன்பே இரண்டு வண்டி வந்து போயிருக்கிறது. பால் பவுடருக்காகக் காத்திருந்த ஊர் அங்கிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. அவன் எங்கே நிற்கிறான் என்று யாருக்காவது தெரிந்திருந்தால், அந்த நாலு கிலோமீட்டரைச் சைக்கிளில் போயாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் ஹாம் ரேடியோ, அதாவது தனி ஆட்கள் வியாபார நோக்கமின்றி வானொலி அலையில் பேசிக்கொள்ளும் முறைக்கான தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். இந்த உரிமம் உள்ளவர்களை ஹாம்கள் என்பார்கள். வண்டி இருக்கும் இடத்தை வானொலி அலையிலேயே சொல்லிவிடும் ஏபிஆர்எஸ் என்றொரு முறை எங்களிடம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பொறியாளராக இருந்த பாப் புருனிங்கா 1980களிலிருந்து வளர்த்தெடுத்தது. 2022இல் அவர் காலமானார். வண்டியைத் தேடுவதற்கு மட்டும் உள்ள கருவி இல்லை இது, ஒரு வட்டாரத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொள்ளும் வழி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர். குறுஞ்செய்தியும் வானிலை விவரமும்கூட இதே வழியில் போகும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஜிபிஎஸ் சொல்லும் இடம், வேகம், திசை ஆகியவற்றோடு நம் அழைப்புக்குறியையும் (உரிமத்தோடு தரும் அடையாளப் பெயர்) சேர்த்து, ஒரு சின்னப் பெட்டி அதைச் சத்தமாக மாற்றி வாக்கிடாக்கிக்குக் கொடுக்கும். பழைய டயல்-அப் மோடம் கத்துவதுபோல அரை நொடி கர்ரென்று ஒரு சத்தம், முடிந்தது. 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 5 வாட் போதும். கேட்கும் இடத்தில் ஒரு வாக்கிடாக்கி, ஒரு வயர், வரைபடம் ஏற்றி வைத்த மடிக்கணினி. டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்.

அக்கா மகனையே மறுபடி வண்டி எடுக்கச் சொல்லி, பக்கத்து சீட்டில் உரிமம் உள்ள நண்பர் ஒருவரைக் கருவியோடு உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தோம். நான் மாடியில் ஆன்டெனாவுக்குக் கீழே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன், அக்கா பக்கத்தில். நிமிடத்துக்கு ஒரு முறை சத்தம் கேட்கும், திரையில் கார் படம் ஒரு விரல்கடை நகரும். "இதோ வளைவு திரும்பிட்டான்" என்று அக்காவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கோட்டூர் தாண்டியதும் படம் நின்றுவிட்டது.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது, பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 13 கி.மீ., 30 மீட்டர் என்றால் 22 கி.மீ. குன்று உள்ள ஊர்க்காரர்கள் உச்சியில் ஒரு கருவியை வைத்து வெகு தூரத்துக்குக் கேட்க வைத்துவிடுவார்கள். நமக்குக் குன்று இல்லை. ஆனால் வெண்ணாற்றுப் பாசனத்திலிருந்து கடற்கரை வரை மறைக்க மேடும் இல்லை. நம் ஊர்களில் உயரமாக நிற்பவை மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளும், கடலோரத்துப் புயல் பாதுகாப்பு மையங்களும்தான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் டிஜிபீட்டர் கருவியைச் சோலார் தகடும் பேட்டரியும் சேர்த்து அவற்றின் மேல் வைத்தால், வண்டியின் குரல் தொட்டிக்குத் தொட்டி தாவி மன்னார்குடிக்கு வந்துவிடும். உப்புக்காற்றில் ஆன்டெனா வயரின் இணைப்பு பச்சைக் களிம்பு பிடித்துப் போகும். ரப்பர் டேப் சுற்றி, ஆடிக்கும் ஐப்பசிக்கும் இடையில் ஒரு முறை ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். வைத்துவிட்டு மறந்துபோனால் புயலன்று ஊமையாகத்தான் நிற்கும்.

இதன் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வண்டி ஒரே நொடியில் பேசினால் ஒன்றின் செய்தி தொலையும், அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். போகும் செய்தியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ரகசியம் கிடையாது. வியாபாரத்துக்கு ஹாம் அலைவரிசையைப் பயன்படுத்தக் கூடாது, ஆகவே நெல் லாரிகளுக்கு இது ஆகாது. உரிமம் உள்ளவர்தான் இயக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிவாரண வண்டிக்கும் ஒரு ஹாம் தேவை. டெல்டாவில் இப்போது எங்களைப் போன்றவர்கள் மிகச் சிலரே. 12 வயதானாலே தேர்வு எழுதலாம். பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்கள் மனம் வைத்தால் ஒரே வருடத்தில் வண்டிக்கு ஓர் ஆள் கிடைத்துவிடுவார்.

திருவாரூர், நாகை, தஞ்சை, மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிய பணம் இல்லை. தொட்டிகளின்மேல் ஏற அனுமதியும், மழைக்கு முன் நடக்கும் பேரிடர் ஒத்திகையில் ஹாம்களுக்கு இரண்டு வண்டியில் இடமும் கொடுங்கள். கருவியை நாங்கள் கொண்டுவருகிறோம். முதல் தொட்டி கோட்டூர் பக்கம் அமைந்தால் நல்லது. எங்கள் வண்டி மறைந்துபோன இடம் அதுதான்.

இப்படிக்கு,
ஹாம் உரிமம் பெற்ற வாசகர்,
மன்னார்குடி.