நடுவில் ஒரு கடதாசி

ஒட்டுசுட்டான்

அன்பின் யோகன்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சைக்கு நீ சம்மதிக்கவில்லை என்று உன் மனைவி அடியில் இரண்டு வரி சேர்த்திருந்தார். பேசாமல் செய்துகொள். இங்கே முத்தையன்கட்டில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். விதைப்பு முடிந்தது. யானைதான் தொல்லை, இரவில் காவல் குடிலில்தான் படுக்கை.

முன்பென்றால் காவலுக்கு முந்நூற்று நாலு கடதாசி ஆட்டம்தான் துணை. இப்போது அதற்கு நாலு கை எங்கே சேர்கிறது? நம் கூட்டத்தில் ஊரோடு கிடப்பவன் நான் மட்டும். ஆனால் தங்கச்சியின் மகள் பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்தவள், இரண்டே பேர் ஆடும் ஒரு விளையாட்டைப் பழக்கிவிட்டாள். பொழுதுபட்டு நான் வயலுக்குப் புறப்படும்வரை இப்போது அதுதான் வேலை.

ஒரே இனத்தில் ஆஸ் முதல் ஜாக் வரை 11 கடதாசிகள். ஆளுக்கு 5. மிஞ்சிய ஒன்று நடுவில் கவிழ்ந்து கிடக்கும். முந்நூற்று நாலில் துரும்பைக் கவிழ்த்து வைப்பவனுக்காவது அது என்னவென்று தெரியும். இதுவோ இருவருக்குமே தெரியாது. உன் முறை வந்தால் ஒன்று, “உன்னிடம் எட்டு இருக்கிறதா?” என்று கேட்கலாம். எதிராளி உண்மைதான் சொல்ல வேண்டும்; இருந்தால் அதைக் கீழே போட்டுவிட வேண்டும். அல்லது நடுக்கடதாசி இதுதான் என்று சொல்லலாம். சரியென்றால் வெற்றி, பிழையென்றால் தோல்வி. ஆட்டம் அதோடு முடிந்தது.

இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கேட்பவன் தன் கையிலேயே உள்ள கடதாசியைக் கேட்கலாம். அங்கேதான் சங்கதி. பதிலில் பொய் கூடாது, கேள்வியில் எவ்வளவும் பேய்க்காட்டலாம். எப்போதும் நேர்மையாகவே கேட்பவன் பிழைக்க மாட்டான்: “இல்லை” என்று சொன்ன கையோடு எதிராளி அதையே நடுக்கடதாசி என்று சொல்லி வென்றுவிடுவான். எப்போதும் பேய்க்காட்டுபவனுக்கும் அதே கதிதான். அடுத்த முறை அவன் அந்தக் கடதாசியைச் சொல்லாமல் விட்டதும் அது அவன் கையில் இருப்பது அம்பலம். கையில் ஒளிக்க ஒன்றுமே இல்லாமல் போனால் எதிராளிக்கு நடுக்கடதாசி தானாகவே தெரிந்துவிடும்.

பெட்டையின் முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியாது. அரசாங்கக் கச்சேரியில் படிவத்தை வாங்கி வைத்துவிட்டு “பிறகு வாருங்கள்” என்று சொல்வார்களே, அந்த முகம். முகத்தைப் பார்க்காதீர்கள் மாமா, கையில் எத்தனை மிச்சம் என்று பாருங்கள் என்கிறாள். எத்தனை பங்கு பேய்க்காட்டலாம், எத்தனை பங்கு நம்பலாம் என்பது அந்த எண்ணிக்கையோடு மாறுமாம். ரூபஸ் ஐசக்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1955இல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ஏவுகணை விமானத்தைத் துரத்தினால் விமானம் எப்படித் தப்பலாம் என்று கணக்குப் போட்டவரும் அவர்தானாம். கிபிர் விமான இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் பாய்ந்த எங்களுக்கு அந்தக் கணக்கை யாரும் படிப்பிக்கவில்லை.

எனக்குக் கணக்கைவிட எதிரே இருந்து ஆடும் ஆளைத்தான் பிடித்திருக்கிறது. முந்நூற்று நாலில் கையில் ஒன்றுமில்லாமலே கேள்வியை ஏற்றிக்கொண்டு போகிறவன் நீ. உன்னோடு இதை ஆட வேண்டும். வரும்வரை இதற்கு ஒரு பதில் எழுது.

என் கையில் 2 கடதாசிகள் மிச்சம், உன் கையில் 3. “ஏழு இருக்கிறதா?” என்கிறேன். உன்னிடம் இல்லை. நான் உண்மையாகத்தான் கேட்டிருந்தால் இப்போதே நீ ஏழு என்று சொல்ல வேண்டும். விட்டால் அடுத்த முறை நான் சொல்லி வெல்வேன். பேய்க்காட்டியிருந்தால், ஏழு என் கையில். நீ தேட வேண்டியது மற்ற இரண்டுக்குள்தான். ஐம்பது வருடமாக என்னைத் தெரிந்தவன் நீ. என்ன சொல்வாய்?

அன்புடன்,
ராசன்