மஞ்சள் சிவக்கிற விளையாட்டு

அன்புள்ள பட்டாணிக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடாதது தப்புதான், நேரில் திட்டிக்கொள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

நீ அனுப்பிய படத்தில் பிள்ளையைவிட அவன் முன்னால் இருந்த கண்ணாடிக் கிண்ணம்தான் முதலில் கண்ணில் பட்டது. அந்தக் கலர் ஜெல்லி உருண்டைகளை இன்றைக்கே எடுத்துவிடுடி. காய்ந்திருக்கும்போது கடுகளவுதான், தண்ணீரில் போட்டால் கோலிகுண்டாக ஊதும். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அப்படியே ஊதிக் குடலை அடைக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது. மூக்கிலும் காதிலும்கூடச் சிக்கும். கட்டிலுக்கடியில், சோபா இடுக்கில் உருண்டு போனதையும் தேடு. விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திராதே, உடனே ஆஸ்பத்திரி. மீதி உருண்டையையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டு.

பிடுங்கினதற்குப் பதிலாக ஒன்று கொடுக்க வேண்டுமே! மஞ்சள்தூள் போதும்.

ஒரு டீஸ்பூன் தூளில் இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் தடவு. நிழலில் உலர்த்து, வெயில் பட்டால் வெளுத்துவிடும். உதறி, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொள். குளிக்கிற சோப்பைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, அவனை விரல் நனைத்துத் துணியில் அழுத்தச் சொல். விரல் பட்ட இடம் செம்பழுப்பாகச் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் திரும்ப மஞ்சள். மறுபடி சோப்பு, மறுபடி சிவப்பு. ரெண்டரை வயசுக்கு அந்த 'மறுபடி'தான் விளையாட்டே. நம் கெமிஸ்ட்ரி லேப் பிப்பெட் சார் மாதிரி "அமிலம், காரம்" என்று தொடங்கிவிடாதே. "இப்ப என்ன ஆகும்?" என்று மட்டும் கேள், போதும்.

சிவக்கவில்லையென்றால் சோப்பை மாற்று. பாத்திரம் கழுவும் லிக்விட் பலவற்றிலும், குழந்தைகளுக்கென்று வரும் சில மென்மையான சோப்புகளிலும் மஞ்சளைச் சிவக்க வைக்கிற காரம் இருக்காது. சாம்பார் சிந்திய சட்டைக்குச் சோப்புப் போட்டதும் கறை சிவக்கிறதே, அதே சங்கதிதான். ஆரத்தித் தண்ணீரும் இப்படிச் சிவப்பதுதான். அதனால் உன் மாமியார் "சுண்ணாம்பு போட்டா இன்னும் நல்லா செவக்கும்" என்று டப்பாவை நீட்டுவார். சொல்வது சரிதான், ஆனால் பிள்ளை பக்கத்தில் அது வரவே கூடாது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழியே வெந்துபோகும். சோப்பும் எலுமிச்சையும் எரியும், ஆனால் நல்ல தண்ணீரில் கழுவினால் சரியாகும்.

அலுத்துவிட்டால் ஒரு ஆரஞ்சு. தோலோடு தண்ணீரில் போட்டால் மிதக்கும், உரித்துப் போட்டால் முழுகும். தோலின் பஞ்சில் காற்று இருக்கிறது. நடுவில் பொந்து விழுந்த பழம் என்றால் உரித்தாலும் மிதந்து ஏமாற்றும், அதனால் கெட்டியான பழமாகப் பார்த்து வாங்கு. வாளி வேண்டாம், அகலமான பேசின் எடு. ஆட்டம் முடிந்த கையோடு தண்ணீரைக் கொட்டிவிடு.

உருண்டைகளை எடுத்தாயிற்று என்று ஒரு வரி மட்டும் உடனே அனுப்பு. மற்ற கதையெல்லாம் பிறகு.

அன்புடன்,
உன் லேப் கூட்டாளி