மனதில் தங்கும் காட்சிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வசூலையும் மதிப்பெண்ணையும் கொண்டே திரைப்படங்களை அளக்கும் வழக்கம் பெருகிவிட்ட நிலையில், ஒரு படம் பார்ப்பவரின் மனதை என்ன செய்கிறது என்பதற்கும் இடம் வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில், மகள் துர்கா இறந்தது தெரியாமல் வீடு திரும்பும் ஹரிஹர், வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டி, கடைசியில் அவளுக்கென வாங்கிய சேலையை மனைவி சர்வஜயாவின் கையில் கொடுக்கிறார். அதுவரை அடக்கி வைத்திருந்த சர்வஜயா உடைந்து அழும்போது அவர் குரல் நமக்குக் கேட்பதில்லை. தார் ஷெனாய் என்னும் நரம்பிசைக் கருவியின் இசைதான் வீறிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அவர் வாய்விட்டு அலறியிருந்தால், நானும் அழுதுவிட்டு மறந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தில் தந்தையாக நடித்தவர் உண்மையிலேயே ஓர் ஆலைத் தொழிலாளி. சைக்கிளைத் திருடிப் பிடிபட்டு, அவமானத்தில் கண்ணீரோடு நடக்கும் அவரது கையைச் சிறுவன் பற்றிக்கொள்ளும்போது, அது நடிப்பு என்ற நினைவே எழுவதில்லை.

புதிய படங்களின் விமர்சனத்தோடு, இத்தகைய பழைய படங்கள் குறித்த வாசகர் அனுபவங்களுக்கும் தங்கள் நாளிதழ் வாரம் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திரைப்பட ஆர்வலர் ஒருவர்