கேபின் ஜன்னலிலிருந்து பாப்பாவுக்கு

திண்டுக்கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ நடுவில் பாய்ந்துவிடுகிறாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு "சாப்பிட்டியா" என்று முடித்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது நீ டிவியில் போட்டுக் காட்டினாயே, எழவு வீட்டை வைத்து நீ எடுத்த படம், அதைப் பற்றித்தான். சின்னவன்கள் இரண்டு பேரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அத்தை "எழவு வீட்டுல என்னடி சிரிப்பு வேண்டிக்கிடக்கு" என்றாள். பெரியமாமா பாதியில் எழுந்து போனார். அம்மா கடைசிவரை உட்கார்ந்திருந்தாள், ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் பஸ் ஏறும்போது நீ சொன்னாய், "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று. அது என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

முப்பத்தோரு வருஷம் தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டராக இருந்தவன் நான். படத்தைப் பார்த்ததைவிடப் படம் பார்க்கிற தலைகளைப் பார்த்ததுதான் அதிகம். கேபின் ஓட்டை வழியாக முகம் தெரியாது, தலைதான் தெரியும். அதுவே போதும். சிரிக்கிற தலை பின்னால் சாயும். சலித்துப்போன தலை பக்கத்துத் தலையைத் தேடும். கோபப்பட்ட தலை ஆடாமல் அசையாமல் இருந்து, திடீரென்று எழுந்து வாசலைப் பார்த்துப் போகும்.

உன் படம் மாதிரி, சிரிக்கக் கூடாத விஷயமான கடத்தலை வைத்துச் சிரிக்க வைத்த படம் சூது கவ்வும். அது வந்தது 2013 மே 1. அப்போது ரீல் போய் க்யூப் என்கிற டிஜிட்டல் முறை வந்துவிட்டது. பட்டனைத் தட்டிவிட்டால் எனக்கும் வேடிக்கை பார்க்க நேரம் கிடைக்கும். அன்றைக்கே எதிர்நீச்சலும் வந்தது. எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் பீட்சா பார்த்துவிட்டு விஜய் சேதுபதிக்காக வந்தவர்கள், மீதிப் பேர் எதிர்நீச்சலுக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள்.

நயன்தாராவுக்குக் கோயில் கட்டி, திருச்சியிலிருந்து அடித்து விரட்டப்பட்ட பகலவன் கதைக்கு எல்லாத் தலையும் ஒரே மாதிரி சாய்ந்தது. அது சுலபம். கடத்தல்காரன் தாஸ் கூடவே திரிகிற ஷாலு அவன் மனசுக்குள் மட்டும் இருக்கிறவள் என்பது பிடிபடாமல் சிலர் திணறினார்கள். இடைவேளையில் கேண்டீனில் ஒருத்தர் டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணு பேயா?" என்று என்னிடமே கேட்டார். பீட்சா என்கிற பேய்ப்படம் எடுத்த கம்பெனிதானே, அவர் சந்தேகம் நியாயம்தான்.

அப்புறம் அந்த இன்ஸ்பெக்டர். வாயைத் திறக்காமலே எல்லோரையும் நடுங்க வைக்கிற மனுஷன், கடைசியில் தன் துப்பாக்கியால் தன் பின்பக்கத்தையே சுட்டுக்கொள்வார். காலைக் காட்சியில் அந்த இடம் வந்ததும் ஒரு நொடி சத்தமே இல்லை. சிரிக்கலாமா கூடாதா என்று ஜனத்துக்குத் தெரியவில்லை. முன் வரிசையில் ஒரு பையன் கெக்கெக்கே என்று ஆரம்பித்தான், அவ்வளவுதான், தியேட்டரே அதிர்ந்தது. மேட்னியில் அதே இடம் வந்தது. அந்தப் பையன் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. இரண்டு பேர் 'ச்சு' கொட்டினார்கள். ஒரே படம், ஒரே நாள் பாப்பா. வெளியே வந்தவர்களில் காலைக்காரர்கள் "சூப்பர்" என்றார்கள், மேட்னிக்காரர்கள் "என்னமோ எடுத்திருக்கான்" என்றார்கள். வாய்ப்பேச்சு பரவி, வாரக் கடைசியில்தான் கூட்டம் சேர்ந்தது.

ஒருத்தரை மட்டும் என்னால் மறக்க முடியாது. தமிழ் வாத்தியார், ரிட்டயர் ஆனவர். இரண்டாம் ஆட்டம் முடிந்து, நான் கீழே இறங்குகிறவரை படிக்கட்டுப் பக்கம் காத்திருந்து என்னைப் பிடித்துக்கொண்டார், நான்தான் படம் எடுத்த மாதிரி. "தருமத்தின் வாழ்வதனைச் சூது கவ்வும், தருமம் மறுபடி வெல்லும்னு பாஞ்சாலி சபதத்துல பாரதி எழுதினார்யா. இவனுங்க முதல் பாதியை மட்டும் வச்சிக்கிட்டு மிச்சத்தை அழிச்சிட்டானுங்க" என்றார். நேர்மையான மந்திரிக்கு சீட் போய்விடுகிறது. அப்பனை ஏமாற்றிக் காசு பார்க்கக் கடத்தல்காரனோடு கூட்டுச் சேர்ந்த மகன் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறான். இதற்குப் போய்க் கை தட்டுகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம். படம் பிடிக்கவே இல்லை அவருக்கு. ஆனால் அன்றைக்கு நாலு காட்சியிலும் வந்தவர்களில் அந்தப் படத்தை அவர் அளவுக்குப் புரிந்துகொண்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. புரிந்ததால்தான் கோபம்.

எல்லாப் படத்துக்கும் கூட்டம் சேருகிற அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கடத்தலை வைத்துச் சிரிக்க வைக்க 2005-லேயே கமல் மும்பை எக்ஸ்பிரஸ் எடுத்தார். வந்த நாள் சந்திரமுகி வந்த நாள். நம்ம ஊரில் படப்பெட்டி சீக்கிரமே திரும்பிப் போனது. 2011-ல் ஆரண்ய காண்டம். சென்சாரில் 52 இடத்தில் வெட்டு கேட்டார்கள், அதையெல்லாம் தாண்டி வந்தது. இங்கே ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, தூக்கிவிட்டார்கள். பிறகு அதற்கு இரண்டு தேசிய விருது கிடைத்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, கேபினில் நான் ஒருத்தன்தான் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன். ஜனம் எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "புரியாது" என்று சொல்லிவிட்டால் உனக்கு வேலை மிச்சமாகிவிடுகிறது பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சூது கவ்வும் படத்தில் வேலைவெட்டி இல்லாமல் ரூமில் படுத்துக்கிடக்கிற பையன்களை நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்களைக் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் நலன் குமாரசாமி கடத்தலுக்கே போகிறார்.

உன் படத்துக்கு வருகிறேன். முதல் பதினைந்து நிமிஷம் சிரிக்கலாமா அழலாமா என்று நீ சொல்லவே இல்லை. ஒப்பாரி, அதன் மேல் புல்லாங்குழல் வேறு. பந்தல்காரனும் ஐஸ் பெட்டிக்காரனும் வாடகைக்குச் சண்டை போடுகிற இடத்தில்தான் சின்னவன்கள் முதல் தடவை சிரித்தார்கள். அதைத் தூக்கி முன்னால் வைத்துப் பார். அத்தை திட்டியது உண்மையில் திட்டே கிடையாது, வாசலிலேயே வழி சொல்லிவிடு என்று கேட்கிறாள். பெரியமாமாவைக் கணக்கிலேயே சேர்க்காதே. அவருக்குச் சர்க்கரை, அரைமணிக்கு ஒரு தடவை எழுந்தாக வேண்டும். திரும்பி வந்து "கதை என்னாச்சும்மா" என்று கேட்டார். நீதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அம்மா விஷயம்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

செத்துக் கிடக்கிறவர் கட்டைவிரலில் மை தடவி, பத்திரத்தில் ரேகை வைக்கிறார்களே உன் படத்தில், அது நான் சொன்ன கதை. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது, ஊரில் யார் வீட்டிலோ நடந்த மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னேன். யார் வீடு என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது அம்மா வீடு பாப்பா. அந்த விரல் உன் தாத்தா விரல். கொடைரோடு பக்கம் இருந்த தென்னந்தோப்புக்காக. கூட்டத்தில் அம்மாவும் நின்றிருந்தாள். டிவியில் அந்த இடம் வரும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பேன். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை.

நீ போன பிறகு மூன்று நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், "மை ஊதா. அவ நீலமா காட்டியிருக்கா" என்றாள். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். "தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சேன், போகவே இல்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மை டப்பாவை எடுத்துட்டு வந்தவர் வேட்டியிலேயும் கொட்டிடுச்சு. மாத்த வேற வேட்டி இல்லை. இந்தளவு ஊதாவோட சுடுகாடு வரைக்கும் போனாரு. வழியில எல்லாரும், என்னங்க இதுன்னு அவரையே கேட்டாங்களாம்" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தாள். இருபத்தெட்டு வருஷமாக அவள் என்னிடம்கூடச் சொல்லாத விஷயம் இது.

அந்த வேட்டியைப் படத்தில் வைக்கலாமா என்று அம்மாவிடம் நீயே கேள். நான் கேட்க மாட்டேன். போனில் கேட்காதே, வந்து கேள். மாசி மாதம் இரண்டு நாள் லீவு கிடைக்குமா என்று பார்.

நார்த்தங்காய் ஊறுகாய் பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குள் போய் எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா