சுண்ணாம்புச் சுவரில் பெயிண்ட் அடிக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழமையான கட்டடத்தின் சுவரில் நகரவாசிகள் கூடி ஓவியம் தீட்டுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் என்ன வரைவது, யார் வரைவது என்று இவ்வளவு பேசிய கட்டுரையில் அது என்ன சுவர், எந்தப் பெயிண்ட் என்று ஒரு வரிகூட இல்லையே.

நானும் ஒருமுறை இப்படி வரையப் போனவன். ஓவியர் சுவரில் கட்டம் போட்டு, கோடு வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் எண் எழுதிவிட்டார். 7 என்றால் காவி, 12 என்றால் நீலம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தூரிகையே தொடாத நான் ஒரு பறவையின் இறக்கை முழுவதையும் காவியால் நிரப்பினேன், அன்றைக்கு அப்படி ஒரு பெருமை! இரண்டு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தால் இறக்கை கொப்புளம் கொப்புளமாக உப்பிக் கிடந்தது. விரல் வைத்ததும் பெயிண்ட் தோலாக உரிந்து, பின்னாலிருந்து வெள்ளை உப்பும் காரைத் தூளும் கொட்டின.

சுண்ணாம்புக் காரை தரையிலிருந்து ஏறும் ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வகைப் பெயிண்ட் பூசினால் பிளாஸ்டிக் படலம் போட்ட மாதிரிதான். ஈரம் உள்ளேயே தேங்க, உப்பு படிந்து காரையைப் பெயர்க்கும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓவியர் ஜூடித் பாக்கா 1976-இல் தொடங்கி 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களோடு வரைந்த நீண்ட சுவரோவியத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அது வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவர் சார், சுண்ணாம்புச் சுவர் இல்லை!

சிலிகேட் பெயிண்ட் இருக்கிறது, ஜெர்மனியில் 1878-லேயே காப்புரிமை பெற்றது, சுவர் மூச்சுவிடும். ஆனால் சுவரோடு கலந்துவிடுவதால் பிறகு எடுக்க முடியாது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஓவியத்தைத் துணியில் தீட்டிச் சுவரில் ஒட்டுகிறார்கள். அதையே பலகையில் ஒட்டி, சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டினால் என்ன? ஆணியும் கல்லில் இறங்காமல் கல் இடுக்கில் இறங்கட்டும். சாரம் ஏற முடியாத பெரியவர்களும் உட்கார்ந்தே தீட்டலாம்.

அடுத்தமுறை எழுதும்போது பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடமும் கேட்டு எழுதுங்கள். எங்கள் சுவரின் அடியில் முதல் நாளே ஈரக்கறை இருந்தது. நாங்கள் அதன்மேல் அலை வரைந்துவிட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்